முதல் பரிசு பெற்ற கைக்குட்டை

மூக்கு என்கிற உறுப்புக்கு உலகம் இதுவரை உரிய மரியாதை தந்ததே இல்லை. கண்ணுக்கு மை உண்டு. காதுக்குக் கம்மல் உண்டு. வாய்க்கோ பேச்சு, சாப்பாடு என்று இரண்டு இலாகா. மூக்குத்தி போட்டவர்கள்கூட மூக்குக்காகப் போடவில்லை, கல்லுக்காகத்தான் போட்டார்கள். இந்த நெடுநாள் அநீதியைத் துடைத்த பெருமை, அதுவும் கைக்குட்டையாலேயே துடைத்த பெருமை, ஆரணிக்கே சேரும்.

அந்தப் பெருமையின் முழுப்பெயர் 'மார்கழிச் சுவாசப் பாதுகாப்பு மற்றும் நாசி நலப் பேரவை'. 'பதிவு எண் பின்னர் வரும்' என்று ரப்பர் ஸ்டாம்ப்பிலேயே செதுக்கியிருந்தார்கள். தலைவர், கஜமுகா மாடர்ன் ரைஸ் மில் அதிபர் ராஜவேலு. செயலாளர், ஜெகநாதன்.

ஜெகநாதனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புகை, தூசி, இரைச்சல் மூன்றும் மக்களைத் தொல்லை செய்யாதபடி கோப்புக்குள் அடக்கி வைக்கிற அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் பார்வையிட்ட எந்தப் புகைபோக்கியிலும் புகை வந்ததாக ஒரு வரிகூட எழுதியதில்லை. பேனா மூடியைத் திறந்தாரென்றால் வானமே சுத்தமாகிவிடும். அப்படி ஒரு கை. ஓய்வு பெற்ற மறுநாள் காலை பத்து மணிக்கு, கையெழுத்துப் போட எதுவும் கிடைக்காமல், பால் பாக்கெட்டின் மேல் போட்டுப் பார்த்தார் என்று அவர் மனைவி கமலம் இன்றைக்கும் சொல்லுவாள்.

கமலம் தறிக் குடும்பத்தில் பிறந்தவள். தறியில் கட்டிய பாவு நூலில் ஓர் இழை அறுந்தால் கண்ணால் பார்க்காமல் விரலாலேயே கண்டுபிடிக்கிறவள். அவளுக்கு நாலு வருடமாக இளைப்பு. கார்த்திகை கழிந்து பனி இறங்கியதும் நெஞ்சுக்குள் யாரோ பழைய பவர்லூம் ஒன்றை ஓட்ட ஆரம்பித்துவிடுவார்கள். கர், கர், கர். தை பிறந்தால் தேவிகாபுரம் மலைப்படி ஏறிச் சாமி கும்பிடுவதாக அவளுக்கு ஒரு வேண்டுதல். மகள் தீபாவுக்குக் குழந்தை பிறந்தபோது வேண்டிக்கொண்டது. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. வேண்டுதல் மட்டும் அடிவாரத்தைத் தாண்டவில்லை. நாலு தையிலும் கமலம் கீழே செருப்புக்குக் காவலாக உட்கார்ந்ததுதான் மிச்சம். ஜெகநாதன் மேலே போய் அவளுக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வருவார்.

"சாமி இன்னாங்க சொல்லிச்சு?" என்று கேட்பாள்.

"உன் மனு பரிசீலனைல கீதாம்."

போன மார்கழி முதல் வாரத்தில் ஒருநாள், துணி காயப்போட மாடி ஏறியவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள்; பேச்சு வரவில்லை. பார்த்த ஜெகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. அரசு ஊழியருக்குக் கண் கலங்கினால் என்ன செய்வார்? கமிட்டி போடுவார். பேரவை பிறந்தது.

கூட்டம் தினமும் காலை ஐந்தரை மணிக்கு, ஜெகநாதன் வீட்டு மொட்டை மாடியில். மாடிக்கு நாற்பதடி கிழக்கே கஜமுகா மில்லின் புகைபோக்கி. உமியை எரித்து நெல் அவிக்கிற பாய்லரை நாலரை மணிக்கே மூட்டிவிடுவார்கள் என்பதால், அந்தப் பனியிலும் மாடி 'இதமாக' இருக்கும். இந்தக் கதகதப்பை முன்னிட்டே மேற்படி இடம் ஒருமனதாகத் தேர்வு செய்யப்பட்டதாக நடவடிக்கைக் குறிப்பேட்டில் காண்கிறது.

தொடக்க விழாவுக்கு வந்தவாசியிலிருந்து டாக்டர் பானுப்ரியா வந்தார். ஆயுர்வேதத்தை முறையாகக் கல்லூரியில் படித்துத் தேறிய பெண். வயது முப்பதுகூட ஆகவில்லை. ஆகவே மங்கி குல்லாய்க்குள்ளிருந்து பேரவையினர் அவரிடம் கேட்ட முதல் மருத்துவச் சந்தேகம், "பெரிய டாக்டரு வரலீங்களாம்மா?" என்பதுதான்.

அவர் சிரித்துக்கொண்டே பேசினார். "பனிக்காலத்துல கபம் சேரும்ங்க. வெந்நீர் குடிங்க. சுக்கு, மிளகு, திப்பிலி மூணும் அளவா சேத்துக்குங்க, ராத்திரியில தயிர் வேணாம். நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளிங்க, ஆவி பிடிங்க. காலையில மூக்குல ரெண்டே ரெண்டு சொட்டு நஸ்யத் தைலம் விடலாம். இளைப்பு இருக்கறவங்க மட்டும் என்னைப் பாத்துட்டு அப்புறமா விடுங்க. மெதுவா மூச்சுப் பயிற்சி பண்ணுங்க. ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு இருக்கு." கிழக்கே திரும்பி ஒருமுறை பார்த்தார். "புகை, தூசி இல்லாத எடமா பாத்து உக்காருங்க. அதான் முதல் மருந்து. மத்தது அப்புறம்."

பலத்த கைதட்டல். சால்வை. டாக்டர் எழுதிக் கொடுத்த குறிப்புகள் துண்டுப் பிரசுரமாக ஆயிரம் பிரதி அச்சாயின. இடமின்மை காரணமாக அந்த 'முதல் மருந்து' பற்றிய குறிப்பு மட்டும் விடப்பட்டது. அந்த இடத்தில், 'கஜமுகா பொன்னி: உண்டால் மணக்கும், ஒவ்வொரு மூச்சும் இனிக்கும்' என்று நன்கொடையாளர் விளம்பரம் வந்தது. மீதிக் குறிப்புகளில் ஓர் எழுத்துப்பிழை கிடையாது. ஜெகநாதனே மூன்று முறை சரிபார்த்திருந்தார்.

அதிசயம் மூன்றாம் நாள் நடந்தது.

சாயப்பட்டறை மாஸ்டர் கந்தசாமி தைலம் விட்டுக்கொண்டு ஒரு தும்மல் போட்டார். சாதாரணத் தும்மல் இல்லை. மில்லிலிருந்த புறாக்கள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. கைக்குட்டையைப் பார்த்தார். கறுப்பு.

"கழிவு!" என்று கூவினார் தலைவர் ராஜவேலு. "நாப்பது வருஷக் கழிவு வெளிய வருது பாருங்கய்யா! ஜல்தி, எல்லாரும் சிந்துங்க!"

நாற்பத்து மூன்று பேரும் சிந்தினார்கள். நாற்பத்து மூன்றும் கறுப்பு. இவ்வளவு அழுக்கை உள்ளே வைத்துக்கொண்டா இத்தனை நாள் உயிரோடு இருந்தோம் என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். வேறு ஊராக இருந்தால் விஷயம் இதோடு முடிந்திருக்கும். வேறு ஊரில் கறுப்பு என்றால் கறுப்பு. பட்டு நெய்கிற ஊரில் அப்படி விட முடியுமா?

"எந்தக் கறுப்பு?" என்றார் கந்தசாமி.

நியாயமான கேள்வி. அவர் கைக்குட்டைகளை வாங்கி, சாயம் ஏற்றிய பட்டு நூலைப் பார்ப்பதுபோல விடிகிற வெளிச்சத்துக்கு, வடக்குப் பார்த்துப் பிடித்தார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் அவர் நிறம் பார்க்க மாட்டார், குலம் கெட்டுவிடும். பட்டறையிலிருந்து கலர் அட்டையும் வந்தது. அதில் மயில்கழுத்து இருந்தது, அரக்கு இருந்தது, மாம்பழ மஞ்சள் இருந்தது. நூற்றுச் சொச்சம் நூல் முடிச்சுகள். கறுப்பு மட்டும் இல்லை.

"முகூர்த்தப் பட்டுல கறுப்பு போட்டா எவன் வாங்குவான்? எங்க அப்பா காலத்துலேர்ந்து நம்ம அட்டைல அது ஏறினதே இல்ல" என்றார் கந்தசாமி.

ஆகவே நாசி நலனுக்கென்று தனி அட்டை தயாரானது. கைக்குட்டையில் ஒன்றுமே வராவிட்டால் 'சந்தனம்'. உறுப்பினர் சரியாக முயலவில்லை என்று பொருள். 'பாக்கு' என்றால் ஆரம்பநிலை. 'நாவப்பழம்' என்றால் முன்னேற்றம். 'யானை' என்றால் உன்னதம். யானைக்கு மேலே கந்தசாமி ஒரு கட்டத்தைக் காலியாக விட்டார்.

"அது எதுக்கு மாஸ்டரு?"

"இன்னும் வராத நிறத்துக்கு. வரும்."

தை பத்தாம் தேதி பரிசளிப்பு விழா என்று அறிவித்தார்கள். மிகச் சிறந்த கைக்குட்டைக்கு 'கழிவகற்றும் செம்மல்' பட்டமும் இருபத்தைந்து கிலோ கஜமுகா பொன்னியும். அன்றிலிருந்து ஊரில் யாரும் யாரையும் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கவில்லை. 'இன்னிக்கு இன்னா கலரு?' என்றுதான் கேட்டார்கள். "எங்க வூட்ல எல்லாரும் யானை" என்று பவர்லூம் காத்தவராயன் கடைத்தெருவில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் காதிலும் விழட்டும் என்று.

கமலத்துக்கு ஜெகநாதன் வந்தவாசிக்கே போய் டாக்டரிடம் கேட்டு, அவள் அளவுக்குத் தைலம் வாங்கி வந்தார். திப்பிலி இடித்தார். வெந்நீர் போட்டார். முப்பத்தைந்து வருட மண வாழ்க்கையில் அவர் அடுப்பு மூட்டியது அதுதான் முதல் தடவை. அவளும் தினமும் யானை. ஆனால் நெஞ்சு மட்டும் அடங்கவில்லை.

"இவ்ளோ அழுக்கு வெளிய போவுதே, அப்பறம் ஏங்க இன்னும் கர்ருன்னுது?"

"வெளிய போவற அவசரம்டி. பஸ்ஸுல எல்லாரும் ஒரே வாசல்ல எறங்கினா நெரிசல் ஆவாது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கொடில காயப்போட்ட உங்க வேட்டியும் இதே கலர்லதாங்க வருது."

"வேட்டிக்கு ஏது மூக்கு?" என்றார் ஜெகநாதன். அதற்குமேல் அறிவியல் பேச அவருக்கு நேரமில்லை. குறிப்பேடு எழுத வேண்டியிருந்தது.

பிறகு அந்தச் சோதனை வந்தது. பொங்கலுக்கு மில் லீவு. லீவோடு லீவாக பாய்லர் சர்வீசும் என்று ஐந்து நாள் மூடினார்கள். பொங்கல் அன்று காலை நாற்பத்து மூன்று கைக்குட்டையும் பாக்குக்கு இறங்கின. மாட்டுப் பொங்கல் அன்று சந்தனம். அன்று மாடியில் அவசரக் கூட்டம். இழவு வீடு தோற்றது.

"நாலு தும்மல் போட்டேன் சார். வெள்ளை! மல்லிப்பூ மாதிரி!" என்று காத்தவராயன் தலையில் கை வைத்துக்கொண்டார். "வூட்ல ஒரே பேஜாரு. மூஞ்சில முழிக்க முடில."

"தைலத்துல எவனோ கலப்படம் பண்ணிட்டான்" என்றார் ராஜவேலு.

"சாயம் ஏறலன்னா தண்ணிலதான் கோளாறு. வெந்நீரை மாத்துங்க" என்றார் கந்தசாமி.

"ஒருவேளை..." என்று பின்வரிசையில் யாரோ மெல்ல இழுத்தார்கள். "கழிவு தீந்துட்டிருக்குமோ?"

ராஜவேலு நிதானமாகத் திரும்பினார். "தீந்துட்டா, பேரவை எதுக்குய்யா?"

'திடீர்க் கழிவுப் பற்றாக்குறை குறித்து இக்கூட்டம் ஆழ்ந்த கவலை கொள்கிறது' என்று ஜெகநாதன் தீர்மானம் எழுதினார். டாக்டருக்கும் போன் போட்டார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பானுப்ரியா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மில்லு ஓடுதா சார்?"

"லீவும்மா."

"அப்படியா. சரிங்க சார்." அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் போலக் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

'மருத்துவர் திருப்தி தெரிவித்தார்' என்று பதிவு செய்தார் ஜெகநாதன்.

மறுநாள் காணும் பொங்கல். வழக்கம்போல தேவிகாபுரம் பஸ். அடிவாரத்தில் ஜெகநாதன் செருப்பைக் கழற்றி, வழக்கம்போலக் கமலத்தின் பக்கம் தள்ளினார். அவள் தன் செருப்பையும் கழற்றி அவர் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்க பாத்துக்குங்க" என்றாள். படி ஏற ஆரம்பித்துவிட்டாள்.

ஜெகநாதன் செருப்பைப் பார்ப்பதா அவளைப் பார்ப்பதா என்று தவித்து, செருப்பை ஆண்டவன் பொறுப்பில் விட்டு ஓடினார். அவள் இரண்டே இடத்தில் நின்றாள். இரண்டு இடத்திலும் அவருக்காகத்தான் நின்றாள். உச்சிக்குப் போய்ச் சாமி கும்பிட்டு வெளியே வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு மூச்சு இழுத்தாள். முழு மூச்சு. உள்ளே எந்தத் தறியும் ஓடவில்லை. ஜெகநாதனுக்குத்தான் இரைத்தது.

"எல்லாம் திப்பிலி" என்றார். பிறகு, "சாமி இன்னா சொல்லிச்சு?"

"மனுவை எங்கிட்ட குடுத்தா இன்னா ஆவும், அனுப்ப வேண்டிய எடத்துக்கு அனுப்புன்னுச்சு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஆரணி இருக்கிற திக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அஞ்சு வருஷம் முன்னாடி மில்லுக்காரரு புதுசா புகைபோக்கி கட்டினாரே, அதுக்கு நீங்க கையெழுத்து போட்ட நாளு எனக்கு ஞாபகம் கீது. மாட்டுப் பொங்கலு. நான் வடை சுட்டுகினு இருந்தேன். நீங்க ஒரு வடையைக் கடிச்சுகினே மாடி ஏறிப் பாத்தீங்க. எறங்கி வந்து, 'புகை ஏதும் காணப்படவில்லை'ன்னு எழுதினீங்க."

"இல்லாததைத்தானே இல்லன்னு எழுதினேன்?"

"எரியாத அடுப்புல எங்கேர்ந்துங்க புகை வரும்?"

"விதிப்படி ஆய்வு எந்த நாள் வேணாலும்..." என்று ஆரம்பித்தார். காற்று அடித்தது, வாக்கியம் முடியவில்லை. அவள் இன்னொரு முழு மூச்சு இழுத்தாள். கையில் மூச்சு இருக்கும்போது அதை வாதத்தில் செலவழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. கீழே இறங்கினபோது செருப்பு இரண்டு ஜோடியும் பத்திரமாக இருந்தன.

ஆறாம் நாள் பாய்லர் மூட்டினார்கள். ஏழாம் நாள் காலை, இறைவன் கருணையால், யானை திரும்பியது. காத்தவராயன் அழுதேவிட்டார். மாடியில் கேசரி கொடுத்தார்கள். "பாத்தீங்களா, பாய்லரு சர்வீசு ஆனதும் நம்ம ஒடம்பும் சர்வீசு ஆயிடுச்சு" என்று ராஜவேலு ஒரு கருத்துச் சொன்னார். அதை யாரும் அதற்குமேல் ஆராயவில்லை. கேசரி சூடாக இருந்தது.

அன்று சாயங்காலம் கமலம் மறுபடி பாதிப் படியில் உட்கார்ந்தாள். ஜெகநாதன் திப்பிலி டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். அவள் டப்பாவைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். அவர் டப்பாவின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

தை பத்து, வேலை நாள். கந்தசாமிக்கு வெயில் வெளிச்சம் வேண்டும் என்பதால் விழா காலை பத்து மணிக்கு, அதே மாடியில். சிறப்பு விருந்தினர் பானுப்ரியா. ராஜவேலு வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. நாற்பத்து மூன்று கைக்குட்டைகள், பெயர் மறைத்து எண் மட்டும் ஒட்டி, கல்யாணத்துக்குப் புடவை விரித்ததுபோல மேசையில் கிடந்தன. கந்தசாமி ஒவ்வொன்றாக எடுத்து, வடக்குப் பார்த்துப் பிடித்து, யானை, யானை, நாவப்பழம், யானை என்று சொல்லிக்கொண்டே வந்தார். இருபத்தேழாம் எண்ணில் கை நின்றுவிட்டது.

"இது... இது யானை இல்லீங்க." கைக்குட்டையை விளிம்பு விளிம்பாகத் திருப்பிப் பார்த்தார். "என் சர்வீசுல நான் பாக்காத கறுப்பு. கரையிலேர்ந்து கரை வரைக்கும் ஒரே சீரு. மூக்கு சிந்தினா நடுவுல திட்டாத்தான் விழும். இது தொட்டியில முக்கி எடுத்தா மாதிரி கீதுங்க!"

இருபத்தேழு யார் என்று உறையைப் பிரித்தார்கள். கமலம்.

மாடி அதிர்ந்தது. "செயலாளர் சம்சாரம்னா சும்மாவா!" என்றார் காத்தவராயன், கொஞ்சம் எரிச்சலாகவே. கமலம் படியேறி வந்தாள். நாலு படிக்கு ஒருமுறை நின்று வந்ததால் கைதட்டல் மூன்று தடவை ஓய்ந்து மூன்று தடவை எழும்பியது. ராஜவேலு மைக்கை அவள் கையில் கொடுத்தார். "தாயே, இந்த வெற்றியோட ரகசியத்தை ஊருக்குச் சொல்லணும்."

அவளுக்கு மூச்சு வாங்கியது. வார்த்தைகளை எண்ணி எண்ணிப் போட்டாள்.

"நான் இதை மூக்குகிட்ட கொண்டு போவலீங்க. புதுக் கைக்குட்டை. நேத்து காலைல அந்தக் கொடில போட்டேன்." மாடி மூலையில் இருந்த கொடிக்கயிற்றைக் காட்டினாள். "இன்னிக்குக் காலைல எடுத்தேன். அவ்ளோதாங்க."

எல்லோரும் கொடியைப் பார்த்தார்கள். கொடிக்கு மேலே இருந்ததையும் பார்த்தார்கள். அங்கிருந்து ஒரு கரித்துணுக்கு, அவசரமே இல்லாமல், ஆடி ஆடி இறங்கி ராஜவேலுவின் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்தது. அவர் பழக்கதோஷத்தில் தட்டினார். அது கோடாக இழுபட்டது.

ஆனால் தலைவர் தலைவர்தான். ஒரு நொடியில் சுதாரித்துக்கொண்டார். "பாத்தீங்களா மகாஜனங்களே! நம்ம பேரவை கூடற எடத்தோட மகிமை! கொடிக்கயிறுகூட கழிவை வெளியேத்துது!"

பாவம், மூன்று பேர் கைதட்டியும்விட்டார்கள்.

கந்தசாமி தட்டவில்லை. தொழில்காரருக்கு மகிமையெல்லாம் அப்புறம். அட்டையில் கட்டம் காலியாக இருந்தது. அதை ஜெகநாதன் முன்னால் நீட்டினார். "செயலாளரே, யானைக்கு மேல இன்னா பேரு எழுதறது? எழுதிக் கையெழுத்து போடுங்க. நெறம்னு ஒண்ணு வந்துட்டா பேரு வெச்சே ஆவணும்."

ஜெகநாதன் பேனாவை எடுத்தார். கமலம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மைக்கை வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. அது அவள் மடியில் இருந்தது. அவள் நெஞ்சுக்குள் ஓடிய தறிச் சத்தம் இரண்டு ஒலிபெருக்கி வழியாக மூன்று தெருவுக்குக் கேட்டது. கர், கர், கர். பானுப்ரியா எழுந்து வந்து மைக்கை அணைத்துவிட்டு அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். அணைத்த பிறகும் ஜெகநாதனுக்குக் கேட்டது.

பேனா மூடியைத் திறந்தார். கிழக்கே நிமிர்ந்து பார்த்தார். கோப்பைப் பார்க்காமல், காலண்டரைப் பார்க்காமல், வடை தின்னாமல் பார்த்தார். பிறகு குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்:

'கஜமுகா மாடர்ன் ரைஸ் மில் கறுப்பு. பாய்லர் எரியும்போது நேரில் பார்வையிடப்பட்டது.'

தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். ஒரு நகல் எடுத்து, இத்தனை நாள் அனுப்ப வேண்டியிருந்த இடத்துக்கு, தன் பழைய அலுவலகத்துக்கே, முகவரி எழுதினார். முப்பத்தொரு வருடச் சேவையில் புகை வருகிற நேரத்தில் அவர் புகைபோக்கியைப் பார்த்து எழுதிய முதல் ஆய்வறிக்கை அது. எழுதியது ஓய்வு பெற்ற பிறகு.

"இன்னா சார் இது, நம்ம பேரைப் போய்..." என்றார் ராஜவேலு.

"விளம்பரம்தான் தலைவரே" என்றார் ஜெகநாதன். "எடம் காலியா இருந்துச்சு."

அந்த அட்டை இப்போதும் கந்தசாமியின் பட்டறையில் தொங்குகிறது. பட்டு வாங்க வருகிற வியாபாரிகள் மயில்கழுத்தைத் தொடுகிறார்கள், அரக்கைத் தொடுகிறார்கள். கடைசிக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "இது முகூர்த்தத்துக்கு ஆவாதுங்க" என்று நகர்ந்துவிடுகிறார்கள். அந்த நிறத்தில் இன்றுவரை ஒரு சேலைக்குக்கூட ஆர்டர் வரவில்லை. அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஊரே அதைத்தான் உடுத்திக்கொண்டிருக்கிறது, உள்பக்கமாக.